சூப்பர்பவர் கேம்களை ஒப்பிட்டு விளையாடுவது எப்படி: சக்தி, சண்டை, நல்லது கெட்டது பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த சூப்பர்பவர் கேம் திறம் என்று கேட்டால் பொடியன்கள் உடனே சக்திகளை எண்ணத் தொடங்குவார்கள். இதில் சுவரில் ஓடலாம், அதில் கையில் கத்தி முளைக்கும், இன்னொன்றில் கட்டடம் தாண்டிப் பாயலாம். நானும் பல வருஷம் அப்படித்தான் எண்ணினேன். இப்போது முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தச் சக்திக்குத் தீனி எது? ஹீரோ எதை உறிஞ்சி அந்தப் பலத்தைப் பெறுகிறான், அது தீர்ந்தால் எங்கே போய், யாரிடம் எடுக்கிறான்? இதைப் பிடித்துக்கொண்டு போனால் சண்டை ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கும், கேம் நம்மிடம் கேட்கிற நல்லது கெட்டதில் எது உண்மையான கேள்வி, எது சும்மா இரண்டு பட்டன் என்பதும் விளங்கும்.

கீழே எழுதியிருப்பது நான் செய்கிற முறை. கதை முடிவுகளையும் சொல்லியிருக்கிறேன், அதனால் இன்னும் விளையாடாதவர்கள் 6ஆம் படிக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, முடித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

1. எதை எதோடு வைத்துப் பார்ப்பது

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம், முதலில் ஒரு சோடி எடுங்கள். என் கணக்கில் மிக நல்ல சோடி இன்ஃபேமஸும் புரோட்டோடைப்பும். 2009இல், மே கடைசிக்கும் ஜூன் நடுப்பகுதிக்கும் இடையில் அடுத்தடுத்து வந்தவை. இரண்டிலும் ஒரு பெரிய நகரம் அடைபட்டுக் கிடக்கிறது, நோய் பரவுகிறது, தனக்கு என்ன நடந்தது என்று விளங்காத ஒருவன் நடுவில் எழும்புகிறான். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் கையில் எடுத்து விளையாடினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

காரணம் செய்தவர்களின் பழைய வேலையில் இருக்கிறது. இன்ஃபேமஸை எடுத்த சக்கர் பன்ச் அதற்கு முன் ஸ்லை கூப்பர் என்ற திருட்டு ரக்கூனின் கேம்களைச் செய்தவர்கள், கூரையைத் தொற்றி ஏறுவதும் கம்பியில் போவதும் அவர்களுக்குக் கைவந்த கலை. புரோட்டோடைப்பைச் செய்த ரடிகல், வன்கூவரில் இருந்த ஸ்டூடியோ, 2005இல் ஹல்க்கை வைத்து ஒரு கேம் செய்தது. அதில் காரைப் பிய்த்து கைக்கு உறையாகப் போட்டுக்கொள்ளலாம். அந்த உடைக்கும் சுகம் அப்படியே புரோட்டோடைப்புக்குள் வந்திருக்கிறது.

இந்தச் சோடி முடிந்ததும் இன்ஃபேமஸ் 2 (2011), இன்ஃபேமஸ் செகண்ட் சன் (2014), கிராக்டவுன் (2007), ஸ்பைடர்மேன் (2018). செயின்ட்ஸ் ரோ 4 (2013) நேரம் இருந்தால்.

மெஷின் விஷயத்தில் கவனம். முதல் இரண்டு இன்ஃபேமஸும் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ் 3) டிஸ்க்தான், அந்த டிஸ்க் பிஎஸ் 4இலோ பிஎஸ் 5இலோ ஓடாது. செகண்ட் சன் பிஎஸ் 4க்கு வந்தது, பிஎஸ் 5இலும் ஓடும். புரோட்டோடைப் கம்ப்யூட்டரில் ஓடும், அதுவும் பழைய கம்ப்யூட்டரே போதும். ஸ்பைடர்மேன் 2022இல் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. கிராக்டவுனுக்கு எக்ஸ்பொக்ஸ் வேண்டும். பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் வெளிச்சத்தில் பிடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நான் கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் அவசரப்பட்டு வாங்கின டிஸ்க் பாதிக் கதை வரை நன்றாகப் போய், அடுத்த தீவுக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டது. நடுவில் இருந்து வெளியே ஓடுகிற கீறலை விட வட்டமாகச் சுற்றி ஓடுகிற கீறல்தான் ஆபத்து.

2. முதல் ஒரு மணித்தியாலம் நடக்க மட்டும்

சண்டையைத் தேடாமல் நகரத்தில் சுற்றுங்கள், ஏறுங்கள், குதியுங்கள். இப்படி நகரம் முழுக்க இஷ்டம்போல் சுற்றக்கூடிய ஓப்பன் வேர்ல்ட் கேமில் நாம் அதிக நேரம் செய்வது ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதைத்தான், ஆகவே சக்தியின் குணம் முதலில் தெரிவதும் அங்கேதான்.

இன்ஃபேமஸின் கோல் மக்ராத் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகிறவன். ஜன்னல், குழாய், விளிம்பு என்று கையால் பிடித்துப் பிடித்து ஏறுவான், மெதுவாகத்தான் ஏறுவான். கதை போகப் போக மின்கம்பியிலும் ரயில் தண்டவாளத்திலும் சறுக்கிக்கொண்டு போகப் பழகுகிறான், அந்த நேரம் ஏற்கெனவே பார்த்த நகரம் புதிதாகத் தெரியும். வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான், அந்தச் சக்தி கிடைத்த அன்றிலிருந்து ஜன்னலால் தண்டவாளத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது தெஹிவளை வரை ஒரே சறுக்கு என்றுதான் கண்ணுக்குப் படும்.

புரோட்டோடைப்பின் அலெக்ஸ் மேர்சருக்கு ஏறுவதே கிடையாது. நிலத்தில் ஓடுகிற அதே வேகத்தில் சுவரில் நேராக மேலே ஓடுவான், குறுக்கே கார் வந்தால் அது நசுங்கும். உடம்பில் ஒரு தயக்கமும் இல்லை. மனிதர்களிடமும் அவனுக்குத் தயக்கம் இல்லை, அதைப் பிறகு பார்ப்போம்.

கிராக்டவுனில் நீங்கள் தொடக்கத்தில் கொஞ்சம் உயரமாகக் குதிக்கிற ஒரு பொலிஸ்காரன் மட்டும்தான். கூரைகளில் பச்சை உருண்டைகள் இருக்கும், மொத்தம் 500, ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கக் குதி உயரும். பக்கத்தில் போனால் அது மெல்ல முனகுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வேலையை விட்டுப்போட்டு உருண்டை தேடாத ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

3. தீனி எது, தடை எது: கொப்பியில் எழுதுங்கள்

ஒரு பள்ளிக்கூடக் கொப்பி போதும். ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எங்கிருந்து எடுக்கிறான், எதற்குச் செலவாகிறது, எங்கே அடைபடுகிறான் என்று எழுதுங்கள்.

கோலுக்குத் தீனி கரண்ட். தெருவிளக்கு, கார், பெட்டி என்று கிடைப்பதிலெல்லாம் உறிஞ்சுவான், உறிஞ்சினால் காயமும் ஆறும். சாதாரண மின்வீச்சுக்குச் செலவே இல்லை, குண்டு மாதிரியான பெரிய வேலைகளுக்குத்தான் சேமிப்பு கரையும். தடை என்று பார்த்தால் ஆழமான தண்ணீரில் விழுந்தால் முடிந்தது. அதோடு கதையில் நகரத்தின் பகுதிகள் இருட்டாகக் கிடக்கும், அங்கே உறிஞ்ச ஒன்றுமே இருக்காது. நிலத்துக்குக் கீழே சாக்கடைப் பாதையால் போய் அந்தப் பகுதியின் மின்நிலையத்தை உயிர்ப்பித்தால் மேலே தெரு முழுக்க வெளிச்சம் வரும், கோலுக்கும் ஒரு புதுச் சக்தி கிடைக்கும்.

இதை நான் இரண்டாவது தரம் விளையாடினது 2022 மார்ச்சில். அந்த மாசக் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கரண்ட் வருகிற நேரத்தைக் கணக்குப் பார்த்து மெஷினைப் போட்டு, அந்தச் சாக்கடைக்குள் இறங்கி, மின்நிலையத்தைத் தொட்டு, மேலே ஏறி வந்து வெளிச்சமான தெருவைப் பார்த்த நேரம் பக்கத்து பிளட்டில் ஒரு ஆச்சி வெறும் இருட்டில் விசிறி வீசிக்கொண்டு இருந்திருப்பா என்ற நினைவு வந்தது. முதல் தரம் விளையாடும்போது அது எனக்கு வெறும் மிஷன். கரண்ட் என்பது ஒரு ஊர் முழுக்கப் பங்குபோட்டுக்கொள்கிற பொருள், அதைத் தன் உடம்புக்குள் வாங்குகிறவன் ஊருக்குக் கடன்பட்டவன் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. (மின்வெட்டுக் காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் விளையாட வேண்டாம். சேவ் ஆகிற நேரத்தில் கரண்ட் போனால் ஃபைல் பழுதாகும்.)

மேர்சருக்குத் தீனி மனிதர்கள். காயப்பட்டால் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவரை விழுங்குவான், படைவீரனும் சரி, வேலைக்குப் போகிற பெண்ணும் சரி. விழுங்கினவரின் உருவமும் கிடைக்கும், சிலரிடமிருந்து ஞாபகங்களும் கிடைக்கும், அந்த ஞாபகங்களைக் கோத்துத்தான் கதையே விளங்கும்.

செகண்ட் சன்னில் டெல்சின் ரோவுக்குத் தீனி மாறிக்கொண்டே இருக்கும். எரிகிற காரிலும் புகைபோக்கியிலும் புகை, கடைப் பலகையில் நியோன், திரைகளில் வீடியோ, கடைசியில் கொங்கிரீட். ஒன்றை உறிஞ்சினால்தான் அந்தச் சக்திக்கு மாறலாம், அதனால் சியாட்டிலின் எந்தத் தெருவில் சண்டை பிடிக்கிறீர்கள் என்பதே எப்படிச் சண்டை பிடிக்கிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கும்.

ஸ்பைடர்மேனில் தீனி சண்டைக்குள்ளேயே இருக்கிறது. அடித்தாலும் சரியான நேரத்தில் விலகினாலும் ஒரு கோடு நிரம்பும். அதை வைத்து ஒருவனை ஒரே அடியில் முடிக்கலாம், அல்லது உங்கள் காயத்தை ஆற்றலாம், இரண்டும் ஒரே கோட்டிலிருந்துதான் போகும். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் பத்துத் தடவை அதை யோசிக்க வைக்கும்.

4. ஒரே மாதிரியான மூன்று சண்டை

ஒப்பிடுவதென்றால் ஒரே மாதிரியான சூழ்நிலையில் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு கேமிலும் மூன்று சண்டை தேடிப் பிடியுங்கள்: கூரையில் நிற்கிற நாலு பேர், ஆட்கள் நிறைந்த தெருவில் ஒரு கும்பல், அப்புறம் ஒரு பெரிய எதிரி அல்லது வாகனம். மூன்றையும் ஒவ்வொரு கேமிலும் இரண்டு தரம் செய்யுங்கள், முதல் தரம் வேகமாக, இரண்டாம் தரம் ஒருவரையும் கொல்லாமல் முடிக்கப் பார்த்து.

கூரையில் பெரிய வித்தியாசம் தெரியாது, எல்லோரையும் கீழே தள்ளிவிட்டால் முடிந்தது. ஸ்பைடர்மேனில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: கூரையிலிருந்து தள்ளிவிட்டவன் நிலத்தில் விழமாட்டான், வலை அவனைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கும். செய்தவர்கள் அந்த ஒரு விஷயத்தில் பீட்டர் பார்க்கரின் குணத்தை விளையாடுகிறவனின் அவசரத்திலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

பெரிய எதிரியில் புரோட்டோடைப்தான் மன்னன். கூட்டத்துக்கு நகம், டாங்கிக்குச் சுத்தியல் கை, ஹெலிகொப்டருக்குச் சாட்டைக் கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆயுதம் உடம்பிலேயே இருக்கிறது. உயிரளவு ஒரு எல்லையைத் தாண்டி நிரம்பினால் மிகப் பெரிய தாக்குதல்கள் திறக்கும். அதாவது தெருவையே துடைக்கிற அந்தத் தாக்குதலுக்கு முன்னால் நீங்கள் பல பேரை விழுங்கியிருப்பீர்கள்.

ஆட்கள் நிறைந்த தெருதான் உண்மையான பரீட்சை, அதற்குத் தனிப் படி வேண்டும்.

5. வழியில் போகிறவர்களை எண்ணுங்கள்

கொப்பியை எடுங்கள், அந்தத் தெருச் சண்டை முடிந்ததும் எத்தனை அப்பாவிகள் விழுந்து கிடக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். அலுப்பான வேலைதான், செய்துதான் பாருங்கள்.

இன்ஃபேமஸில் தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கும். கோல் அதில் கால் வைத்தால் அந்தத் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கெல்லாம் ஷொக். மழைக்குக் கொழும்புக் காலி வீதி ஓரம் தண்ணீர் எப்படி நிற்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நல்லவனாக விளையாடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு குட்டைக்குள் ஓடினால் நாலு பேர் விழுவார்கள். ஒரு பட்டனும் அமத்தவில்லை, ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, நீங்கள் நடந்தீர்கள், அவ்வளவுதான்.

விழுந்த ஆட்களுக்குக் கோல் கையால் மின்சாரம் கொடுத்து உயிர்ப்பிக்கலாம், எதிரியைச் சுடாமல் நிலத்தோடு கட்டிப்போடலாம், அல்லது அவனிடமே உயிரை உறிஞ்சித் தன் சேமிப்பை நிரப்பலாம். உறிஞ்சுவது சுலபம், அந்த இடத்திலேயே பலம் வரும். கட்டிப்போடுவதற்குக் கிட்டப் போய்க் குனிய வேண்டும், குனிந்த நேரம் மற்றவன் சுடுவான். நல்லவனாக இருப்பதற்கு இங்கே விலை நேரமும் காயமும். இந்தக் கணக்குத்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அக்கா மகனுக்குப் பதினொரு வயது, ஒரு நாள் நான் விளையாட அவன் பக்கத்தில் இருந்து பார்த்தான். பாலத்தடியில் மூன்று பேர் சுடுகிறார்கள், நடுவில் ஒரு பெண் தலையில் கை வைத்துக் குந்தியிருக்கிறாள், நான் குண்டை எறியக் கையை எடுத்துவிட்டேன். "மாமா, கொஞ்சம் பொறுங்கோ, அந்த மனிசி இன்னும் போகேல்ல" என்றான். பொறுத்தேன். அந்தச் சில விநாடியில் கோலுக்குப் பாதி உயிர் போனது, அவள் எழும்பி ஓடினதற்குப் பிறகுதான் எறிந்தேன். திரையில் புள்ளி ஒன்றும் ஏறவில்லை. அவனுக்குச் சரியான சந்தோஷம். (புரோட்டோடைப்பையும் செயின்ட்ஸ் ரோவையும் பிள்ளைகள் இருக்கும்போது போடாதீர்கள், இரண்டும் பெரியவர்களுக்கானவை.)

கிராக்டவுனில் அப்பாவிகளைக் கொன்றால் உங்களை வேலைக்கு வைத்திருக்கிற ஏஜென்சி கண்டிக்கும், வளர்த்து வைத்த திறமையும் குறையும். கண்டிப்பு நல்லதுதான், ஆனால் அது அபராதச் சீட்டு மாதிரி. உங்களுக்கு வலிப்பது உங்கள் புள்ளிக்காக.

6. இரண்டு பட்டன் தெரிவுகளை எப்படி எடைபோடுவது

இனித்தான் பெரிய காட்சிகள். ஒவ்வொரு தெரிவின் முன்னாலும் கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். இதற்கு நான் என்ன விலை கொடுக்கப்போகிறேன்? தெரிவுக்குப் பிறகு என் கையில் இருக்கிற சக்தி மாறுமா? நகரத்தில் யாராவது இதை ஞாபகம் வைத்திருப்பார்களா?

இன்ஃபேமஸின் தொடக்கத்திலேயே ஒரு நல்ல தெரிவு வருகிறது. பட்டினியில் இருக்கும் நகரத்துக்கு வானத்திலிருந்து உணவு விழுகிறது, மக்கள் எடுக்கட்டும் என்று விடலாம், அல்லது மின்சாரம் அடித்துக் கலைத்துவிட்டு நண்பன் சீக்கோடு சேர்ந்து தனக்கே எடுக்கலாம். இன்னோர் இடத்தில் ஒரு வால்வைத் திருப்ப வேண்டும், நீங்கள் திருப்பினால் உங்கள் முகத்தில் தார் அடிக்கும், வேறு ஒருவனை வெருட்டித் திருப்ப வைத்தால் அவன் முகத்தில். என்னைக் கேட்டால் இந்தத் தார்க் காட்சிதான் முழுக் கேமிலும் நேர்மையான தெரிவு, விலை என்னவென்று முன்னாலேயே தெரிகிறது, ஆள் யார் என்பது மட்டும்தான் கேள்வி.

கோலின் காதலி ட்ரிஷ் வருகிற காட்சி அதற்கு நேர் எதிர். வில்லன் கெஸ்லர் ஒரு கட்டடத்தில் ட்ரிஷையும் இன்னொன்றில் ஆறு மருத்துவர்களையும் தொங்கவிடுகிறான். காதலியைக் காப்பாற்றப் போனால் அங்கே இருப்பது அவள் இல்லை, உண்மையான ட்ரிஷ் மற்றப் பக்கம் இருந்தாள். எப்படித் தெரிந்தாலும் அவள் சாகிறாள். ஏமாற்று என்று பலருக்குக் கோபம், எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் மருத்துவர்களைத் தெரிந்தால் அவள் உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாகிறாள், முடிவு ஒன்றாக இருந்தாலும் அந்தச் சில வார்த்தைக்காக நான் அந்தப் பக்கம்தான் நிற்பேன்.

இந்தக் கேமின் பெரிய குறையையும் சொல்ல வேண்டும். மேலான சக்திகள் கருமக் கோட்டின், அதாவது நீங்கள் எவ்வளவு நல்லவன் (நீலம்), எவ்வளவு கெட்டவன் (சிவப்பு) என்று காட்டுகிற கோட்டின், இரண்டு அந்தங்களிலும்தான் இருக்கின்றன. நல்லவனின் குண்டு விழுந்தவர்களைத் தானே கட்டிப்போடும், கெட்டவனின் குண்டு சிதறிப் பல துண்டாக வெடிக்கும், நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டும் இல்லை. அதனால் ஒருக்கா பக்கம் எடுத்துவிட்டால் பிறகு வருகிற தெரிவுகளில் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது, நீலமோ சிவப்போ பார்த்து அமத்திக்கொண்டே போவோம். இதற்கு என் மருந்து: முதல் தரம் விளையாடும்போது சக்தி மெனுவைப் பார்க்காதீர்கள், மனசுக்குப் பட்டதைச் செய்யுங்கள், மேல்நிலைச் சக்தி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

மூன்றாவது கேள்விக்கு, நகரம் ஞாபகம் வைத்திருக்குமா என்பதற்கு, இன்ஃபேமஸ் நன்றாகவே பதில் சொல்கிறது. நல்லவனாக நடந்தால் மக்கள் படம் எடுப்பார்கள், உங்களுக்காக எதிரி மேல் கல் எறிவார்கள். கெட்டவனுக்கு அந்தக் கல் உங்கள் தலைக்கே வரும்.

செகண்ட் சன்னில் முதல் தெரிவு பலமானது. சக்தி உள்ளவர்களைப் பிடிக்கிற படையின் தலைவி ஓகஸ்டின் விசாரிக்கிறாள், டெல்சின் தான்தான் என்று ஒப்புக்கொள்ளலாம் அல்லது வாய் மூடிக்கொண்டு பெட்டி என்ற தன் ஊர் மூத்தவளை அனுபவிக்க விடலாம். கெட்ட வழியில் முழுக்கப் போய்க் கடைசியில் ஊருக்குத் திரும்பினால் பெட்டி அவனை ஏற்க மறுக்கிறாள், அதற்கு அவன் செய்வதைப் பார்த்த பிறகு எனக்கு அன்று இரவு வேறு எதையும் விளையாட மனமில்லை. நடுவில் சக்தி உள்ள வேறு இருவர் வருவார்கள், ஃபெட்சைத் திருத்துவதா கெடுப்பதா, யூஜினைத் திருத்துவதா கெடுப்பதா என்று வருகிறவை பலவீனம், விலை ஒன்றும் இல்லை.

7. தெரிவு தராத கேமை என்ன செய்வது

புரோட்டோடைப்பில் கருமக் கோடு கிடையாது. அதனால் அதற்கு ஒழுக்கம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று சிலர் தள்ளிவிடுவார்கள், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். படைவீரன் உருவத்தில் நின்றுகொண்டு பக்கத்தில் நிற்கிற இன்னொரு வீரனைக் காட்டி இவன்தான் மேர்சர் என்று சொல்லலாம், மற்றவர்கள் திரும்பி அவனைச் சுட்டுக்கொல்வார்கள். தான் யார் என்று கத்தக்கூட அவனுக்கு நேரம் இருக்காது. கேம் அதற்கு ஒரு சிவப்புப் புள்ளியும் போடாது. இலங்கையில் வளர்ந்த ஒருவன் விரல் நீட்டிக் காட்டிக்கொடுக்கிற அந்த அசைவைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியாது, நான் அந்தச் சக்தியை ஒரு தரம் பாவித்தேன், பிறகு தொடவில்லை. கதையின் கடைசியில் அலெக்ஸ் மேர்சர் ஏற்கெனவே செத்துவிட்டான், நடமாடுகிறது அவன் உருவெடுத்த வைரஸ் என்று தெரிய வரும்போது, இவ்வளவு நேரமும் சுலபமாக விழுங்கிய அந்தக் கை யாருடையது என்று திரும்பி யோசிக்க வேண்டி வரும்.

ஸ்பைடர்மேனிலும் விளையாடுகிறவனுக்குத் தெரிவு இல்லை. மே மாமியைக் காப்பாற்றுகிற அளவுக்கு மருந்து கையில் இருக்கும்போது பீட்டர் நகரத்தைத் தெரிகிறான், அவனே தெரிகிறான், பட்டன் வராது. வந்திருந்தால் பாதிப் பேர் மற்றதை அமத்திப் பார்த்திருப்போம். செயின்ட்ஸ் ரோ 4 தொடக்கத்தில் ஜனாதிபதியாக இருந்து புற்றுநோயை ஒழிப்பதா பசியை ஒழிப்பதா என்று கேட்கும், அது பகிடிக்கு வைத்தது, கொப்பியில் ஒரு வரி போதும்.

கிராக்டவுனில் 21 கும்பல் தலைவர்களை எந்த ஒழுங்கிலும் முடிக்கலாம், எல்லாம் முடிந்த பிறகு ஏஜென்சியே அந்தக் கும்பல்களை வளர்த்துவிட்டது என்று தெரிகிறது. இரண்டாம் தரம் விளையாடினால் ஏஜென்சியின் பாராட்டுக் குரல் காதில் வேறு மாதிரிக் கேட்கும்.

8. இன்ஃபேமஸ் 2ஐக் கடைசிக்கு வையுங்கள்

மற்றதெல்லாம் முடிந்த பிறகு இதை எடுங்கள். நியூ ஓர்லியன்ஸைப் பார்த்துச் செய்த நியூ மாரே நகரம், நல்ல பக்கத்தில் குவோ, கெட்ட பக்கத்தில் நிக்ஸ், ஒருத்தி பனி, மற்றவள் நெருப்பு. கடைசிக் கட்டம் வரை இந்த ஒழுங்கு மாறாது. கடைசித் தெரிவுக்கு முன்னால் சேவ் ஃபைலை யூஎஸ்பியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

கடைசியில் கோலின் கையில் இருக்கிற கருவியை இயக்கினால் நோய் தீரும், சக்தி உள்ளவர்கள் எல்லோரும் சாவார்கள், கோலும் சாவான். பீஸ்ட் என்ற பெரிய எதிரியோடு சேர்ந்தால் சக்தி உள்ளவர்கள் பிழைப்பார்கள், மற்றவர்கள் சாவார்கள். இவ்வளவு நேரமும் நல்லதையே சொன்ன குவோ உயிர்ப் பயத்தில் பீஸ்ட் பக்கம் போகிறாள், நிக்ஸ் எதிர்த்து நிற்கிறாள். நீலமும் சிவப்பும் காட்டிய பாதையை நம்பி வந்தவனுக்கு அங்கே கையைப் பிடிக்க ஒருவரும் இல்லை. பெரும்பாலானோர் நல்ல முடிவைத் தெரிந்ததால்தான் செகண்ட் சன்னின் கதை அந்த முடிவிலிருந்து தொடங்குகிறது.

நல்ல முடிவை முதலில் பாருங்கள். பிறகு பிரதியைப் போட்டு மற்றதைச் செய்யுங்கள். அதில் சீக் ஒரு சின்னத் துப்பாக்கியோடு முன்னால் வந்து நிற்பான், முதல் கேமிலிருந்து கூட வந்த அதே சீக். சுடுவான், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. காட்சி தானாக நகராது, அவன் விழும்வரை நீங்கள்தான் அமத்த வேண்டும்.